கரும்புகையும் ஒரு மேதையும்

சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரிகளை நாம் அறிவோம். சில சீராக ஏறுகின்றன. சில கரும்புகை கக்குகின்றன. சில உடல் நடுங்கித் திணறுகின்றன. இவற்றை இயக்கும் டீசல் என்பதை எண்ணெயின் பெயராகவே நம்மில் பலர் கருதுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்றறிந்தபின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிசில், தோல் பொருள்கள் செய்யும் ஜெர்மானியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் இல்லத்தில் தங்கிப் படித்தான். பின்னர் மியூனிச் தொழிற்கல்லூரியில் குளிர்பதன அறிஞர் லிண்டேயின் மாணவராகி, 1880இல் சிறப்பாகத் தேறினார்.

அக்காலத்து நீராவி எஞ்சின்கள் எரிபொருளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. இவ்வீண் செலவு டீசலின் மனத்தை உறுத்தியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் உணர்ந்திருக்கிறோம் அல்லவா? காற்றை மிகவும் அழுத்தினால் எழும் சூட்டிலேயே, தீப்பொறி இன்றி, எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பதே அவர் கொள்கை. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1893 ஆகஸ்டு 10ஆம் நாள் ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை. எரிபொருள் உள்ளே சென்றதும் பெரும் வெடிப்பு; அழுத்தம் அளக்கும் கருவி சிதறிற்று. பற்றவைப்பது எளிது, சீராக எரியவைப்பதே அரிது என்பது விளங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் எஞ்சின் தானாக ஓடியது ஒரே ஒரு நிமிடம்! அவர் தளரவில்லை. எண்ணெயை அழுத்தக் காற்றின் துணையால் நுண்துளிகளாகச் சிதறச் செய்தார். 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது 20 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 26 விழுக்காடு ஆற்றலைப் பயனாக்கியது.

எண்ணெய் நன்றாகச் சிதற வேண்டும். போதிய காற்று வேண்டும். தக்க நேரத்தில் எரிய வேண்டும். டீசல் தேடிய இம்மூன்றையே நம்மூர்ப் பட்டறை மெக்கானிக்கும் தேடுகிறார். கரும்புகை என்பது எரியாது எஞ்சிய கரி. ஏர் பில்டர் அடைத்திருந்தாலும், டர்போவில் காற்று கசிந்தாலும், நாசில் தூவாமல் ஒழுகினாலும், பம்பு அளவுக்கு மீறி எண்ணெய் தந்தாலும் அது தோன்றும். ஏற்றத்தில் எண்ணெய் மிகுதியாகச் செல்வதால் குறை அங்கே வெளிப்படுகிறது. புகையுடன் நடுக்கமும் சேர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஐயுறுவர். பழைய வகை எஞ்சினில் நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பர். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே குற்றவாளி. புகையின்றி நடுக்கம் மட்டும் இருந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரை முதலில் பார்ப்பர். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் மிகக் கடுமையாதலின் நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. கணினிக் கருவியே குறையைக் காட்டும்.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிற்று. நிலக்கடலை விளையும் நம் மாவட்டத்தார்க்கு இது இனிய செய்தி. உழவர் தம் நிலத்து எண்ணெயிலேயே எஞ்சினை ஓட்டும் காலம் வரும் என்று டீசல் நம்பினார்.

புகழ் பெற்றும் அவர் வாழ்வு இனிக்கவில்லை. வழக்குகளும் நோயும் வாட்டின, கடன் பெருகியது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலில் இருந்து மறைந்தார். சில நாட்களுக்குப்பின் கடலில் அவர் உடல் காணப்பட்டது. டீசல் எஞ்சின் பூட்டிய லாரிகள் சாலைக்கு வந்தது 1923, 1924ஆம் ஆண்டுகளில்தான். அவற்றை அவர் காணவில்லை. அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் 1980இல் லாரித் தொழிற்சாலையே எழுந்தது.

வீணாகும் ஆற்றலைக் காப்பதற்கென்றே பிறந்தது டீசல் எஞ்சின். கரும்புகையோடு அதை ஓட்டுவது எரிபொருளை வீணாக்கி, வழியில் செல்வோரின் மூச்சையும் கெடுப்பதாகும். பழுதை உடனே நீக்கி ஓட்டும் ஒவ்வொருவரும் அம்மேதைக்கு நன்றி செலுத்தியவரே ஆவர்.