கொட்டியாரக்குடாவிலிருந்து அரிப்பு வரை: றொபேட் நொக்ஸின் வாழ்வும் படவாசிப்பும்

மாணவர்களே, இடவிளக்கப்பட வினாவைக் கண்டதும் உங்களில் பலர் அஞ்சுகிறீர்கள். குறியீடுகளை மனனஞ் செய்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறீர்கள். படவாசிப்பு என்பது நிலத்தை விளங்கிக்கொள்ளும் திறன். அத்திறனால் விடுதலை பெற்ற ஒருவரின் வரலாறு நமது திருகோணமலை மாவட்டத்திலேயே தொடங்குகிறது. இலங்கைப் படமொன்றை அருகில் வைத்துக்கொண்டு இதனை வாசியுங்கள்.

குடாவில் நங்கூரமிட்ட கப்பல்

றொபேட் நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ். அவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பலின் தலைவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் அக்கப்பலின் பாய்மரம் சேதமடைந்தது. அதனைச் சீர்செய்யவும் வணிகம் செய்யவும் கப்பல் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது.

படத்தில் திருகோணமலை நகருக்குத் தெற்கே பாருங்கள். கடல் நிலத்தினுள் வளைந்து நுழைந்திருக்கும் இடமே கொட்டியாரக்குடா. அதன் தென்கரையில் மூதூர் உள்ளது. மகாவலி கங்கையும் இக்குடாவிலேயே கடலுடன் கலக்கிறது. கடல் நிலத்தினுள் வளைந்து நுழைந்தால் அது குடா. நிலம் கடலினுள் நீண்டு சென்றால் அது முனை. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

பத்தொன்பது ஆண்டுச் சிறை

1660 இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் உட்படப் பதினாறு பேரைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் பல கிராமங்களில் பிரித்து வைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில், இருபது வயதேயான மகன் அவரை அடக்கம் செய்தார்.

கைதிகளுக்குச் சிறைக்கூடம் இருக்கவில்லை. மலைகளும் காடுகளும் காவலிடப்பட்ட கணவாய்களுமே சிறைச் சுவர்களாயின. கைதிகளிற் சிலர் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டனர். நொக்ஸ் மனந்தளரவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்தார். பின்னர் ஊரூராகச் சென்று பொருள் விற்றார். அந்த வணிகத்தால் பிழைப்பும் நடந்தது, வடக்கே செல்லும் வழிகளும் தெரியவந்தன. எந்த ஊருக்கு அப்பால் எந்த ஊர், எங்கே காடு, எங்கே நீர் என்பவற்றை அவர் மனத்திற் பதித்துக்கொண்டார். கையில் படமில்லாதவர் மனத்தில் ஒரு படம் வரைந்தார்.

ஆறு காட்டிய வழி

1679 செப்டெம்பரில் நொக்ஸும் அவரது தோழர் ஸ்ரீபன் ரட்லன்டும் வணிகர் போலப் புறப்பட்டு அனுராதபுரப் பகுதியை அடைந்தனர். மக்கள் நடமாடும் பாதையில் சென்றால் பிடிபடுவர். எனவே மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டினூடே நடந்தனர். நாம் அருவியாறு என்று அழைப்பது இதனையே. ஆறு பள்ளம் நோக்கியே பாயும். முடிவில் கடலைச் சேரும் என்பதே அவர்களது நம்பிக்கை. காட்டு யானைகளையும் முட்புதர்களையும் கடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்க் கரையிலிருந்த ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

இப்போது படத்தில் மூதூரையும் அரிப்பையும் ஒரு கோட்டால் இணையுங்கள். நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 150 கிலோமீற்றரே. கிழக்குக் கரையில் இறங்கிய மனிதருக்கு மேற்குக் கரையைக் காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. நேர்கோட்டுத் தூரம் வேறு, நிலத்தின் வழியே செல்லும் தூரம் வேறு என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் இல்லை.

நூலும் படமும்

1680 இல் இலண்டன் திரும்பிய நொக்ஸ், தாம் கண்ட இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681 இல் வெளிவந்தது. கண்டி இராச்சியத்தின் படமொன்றும் அதில் இடம்பெற்றது. வடக்கேயிருந்த வன்னித் தலைவரின் நாடும் அப்படத்திற் குறிக்கப்பட்டுள்ளது. நினைவிலிருந்து எழுந்த படமாதலால் அதன் அளவுத்திட்டம் இன்றைய படங்களைப் போலத் திருத்தமானதன்று. எனினும் நாட்டின் உட்பகுதியை ஐரோப்பிய வாசகருக்கு அது அறிமுகஞ் செய்தது. பின்னர் மீண்டும் கப்பல் தலைவராகக் கடலோடிய நொக்ஸ் 1720 இல் இலண்டனில் காலமானார்.

நினைவிற் கொள்க

1. 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றரைக் குறிக்கும்.
2. சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சாய்வு செங்குத்தானது; விலகியிருந்தால் மென்சாய்வு.
3. ஆற்றைக் கடக்கும் சமவுயரக் கோடு கூர்மையாக வளையும். அக்கூர்முனை ஆற்றின் மேற்பகுதியை நோக்கும். ஆறு அதற்கு எதிர்த்திசையிற் பாயும்.
4. அமைவிடத்தைக் கூறும்போது முதலில் அகலக்கோடு, அடுத்து நெடுங்கோடு. திருகோணமலை ஏறத்தாழ வட அகலக்கோடு 8°34', கிழக்கு நெடுங்கோடு 81°14' இல் உள்ளது.

பயிற்சி

இலங்கைப் புறவுருவப் படத்தில் கொட்டியாரக்குடா, கண்டி, அனுராதபுரம், அரிப்பு, மகாவலி கங்கை, அருவியாறு ஆகியவற்றைக் குறித்துப் பெயரிடுக. அனுராதபுரத்திலிருந்து அரிப்பு எத்திசையில் உள்ளது? நொக்ஸ் பாதையை விட்டு ஆற்றைப் பின்பற்றியதற்கான காரணங்கள் இரண்டைத் தருக.

விடையை மேலுள்ள பந்திகளிற் தேடுமுன் படத்திற் தேடுங்கள். பரீட்சை மண்டபத்தில் உங்களுக்கு வழிகாட்டப்போவது அந்தப் படமே.