பட்டியலில் சேர்க்கப்பட்ட பெயர்: சட்டத்தரணி சிசரோவின் கதை

கி.மு. 81ஆம் ஆண்டு. ரோம் நகரில் இரவு விருந்து முடித்துத் திரும்பிக் கொண்டிருந்த செக்ஸ்டஸ் ரோஸ்கியஸ் என்ற செல்வந்தர் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு அப்பால், அவருடைய சொந்த ஊரான அமேரியாவுக்கு விடியும் வேளையிலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மகனுக்கு முதலில் அறிவிக்கவில்லை. குடும்பத்தோடு பகை கொண்டிருந்த ஓர் உறவினரின் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்பட்டது.

அது, உள்நாட்டுப் போரில் வென்ற சுல்லா ரோமை ஆண்ட காலம். எதிரிகளின் பெயர்கள் பட்டியலாக எழுதப்பட்டு நகரச் சதுக்கத்தில் ஒட்டப்பட்டன. பட்டியலில் உள்ளவரை யாரும் கொல்லலாம். கொன்றவருக்குச் சன்மானம் உண்டு. காணிகள் ஏலத்தில் போகும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அரச பதவி எதையும் வகிக்க முடியாது. இந்தப் பட்டியல் அந்த ஆண்டு யூன் முதலாம் திகதியுடன் மூடப்பட்டிருந்தது. ரோஸ்கியஸ் கொல்லப்பட்டது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அவரோ சுல்லாவின் கட்சிக்காரர். இருந்தும், இறந்த பின்னர் அவருடைய பெயர் பட்டியலில் ஏறியது. 60 இலட்சம் செஸ்டர்ஸ் பெறுமதியான 13 பண்ணைகளை, சுல்லாவின் நெருங்கிய ஆளான கிறைசோகோனஸ் வெறும் 2,000க்கு வாங்கிக்கொண்டார்.

வீடு வாசலிலிருந்து துரத்தப்பட்ட மகன் மீது, தந்தையைக் கொன்றவன் என்று வழக்கும் போடப்பட்டது. குற்றவாளியானால் சாக்கில் வைத்துத் தைத்து நீரில் எறிவார்கள். பெரிய சட்டத்தரணிகள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, அர்பினம் என்ற சிற்றூரிலிருந்து வந்த 26 வயது இளைஞர் வழக்கை ஏற்றார். அவர்தான் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ.

ரோமில் குற்றத்தைத் துப்புத்துலக்கப் பொலிஸ் கிடையாது. சாட்சிகளை வழக்காளிகளே தேட வேண்டும். துப்பறியும் நாவலாசிரியர்களுக்கு இதைவிட வாய்ப்பான இடம் ஏது? ஸ்டீவன் சேலர் 1991இல் வெளியிட்ட 'ரோமன் பிளட்' இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதில் சிசரோவுக்காக அலையும் கோர்டியானஸ் கற்பனைப் பாத்திரம். கொலையும் காணிகளும் உண்மை.

கொலையால் இலாபம் அடைந்தவர் யார் என்ற கேள்வியைச் சிசரோ நீதிமன்றத்தில் வைத்தார். அன்றிரவு தந்தையோடு இருந்த இரண்டு அடிமைகளை விசாரிக்குமாறு மகன் கேட்டிருந்தார். அவர்களோ இப்போது கிறைசோகோனஸின் கையில், விசாரணைக்கு அனுப்பப்படவில்லை. சிசரோ கிறைசோகோனஸைப் பெயர் சொல்லிச் சாடினார். சுல்லாவுக்கு இதெல்லாம் தெரியாது என்றும் கவனமாகச் சேர்த்துக்கொண்டார். காணிகளைத் திருப்பித் தருமாறு அவர் கேட்கவேயில்லை, உயிரை மட்டுமே கேட்டார். மகன் விடுதலையானார்.

அடுத்த ஆண்டு சிசரோ கிரேக்கத்துக்குப் புறப்பட்டார். உடல்நலத்துக்காக என்றார், சுல்லாவுக்கு அஞ்சி என்று புளூட்டார்க் எழுதுகிறார். திரும்பி வந்தபின் வளர்ச்சி வேகமானது. கி.மு. 70இல் சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெரெஸை நீதிமன்றத்தில் வீழ்த்தினார். கி.மு. 63இல் அதியுயர் பதவியான கொன்சல் ஆனார்.

அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் அந்த ஆண்டை அவசரமாகக் கடந்து விடுகிறார்கள். சுல்லாவின் பட்டியலில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசியல் உரிமையை மீள அளிக்க வேண்டும் என்று அப்போது கோரிக்கை எழுந்தது. அதை எதிர்த்துப் பேசியவர், ரோஸ்கியஸின் மகனைக் காத்துப் பெயரெடுத்த அதே சிசரோ. அரசு குலையும் என்பது அவரது வாதம். பிள்ளைகள் பின்வாங்கினர். ஆண்டு முடிவதற்குள், சதி செய்ததாகப் பிடிபட்ட ஐந்து பேர் நீதிமன்ற விசாரணையின்றிக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். உத்தரவை நிறைவேற்றியவரும் அவரே. அதற்காகக் கி.மு. 58இல் நாடு கடந்து போக நேர்ந்தது; அவருடைய வீடும் இடித்துத் தள்ளப்பட்டது.

மறுக்கப்பட்ட அந்த உரிமை, கி.மு. 49இல் யூலியஸ் சீசரின் ஆட்சியில்தான் கிடைத்தது.

சீசர் கொலையுண்ட பின், கி.மு. 43இல் அன்ரனி, ஒக்டேவியன், லெப்பிடஸ் மூவரும் சேர்ந்து புதிய பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். அன்ரனியைக் கடுமையாகத் தாக்கிப் பேசிவந்த சிசரோவின் பெயர் அதில் இருந்தது. டிசம்பர் 7ஆம் திகதி, கடற்கரையை நோக்கிப் பல்லக்கில் போனவரை வழிமறித்துக் கொன்றார்கள். வயது 63. அவர் உரையாற்றிய மேடையிலேயே தலையும் கையும் காட்சிக்கு வைக்கப்பட்டன. தம்பியும் தம்பி மகனும் கொல்லப்பட்டார்கள். கிரேக்கத்தில் இருந்ததால் மகன் மார்க்கஸ் தப்பினார். பின்னர் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பிய அவர், கி.மு. 30இல் தந்தை வகித்த கொன்சல் பதவியில் அமர்ந்தார்.