மூளைக்கு ஷண்ட் வைக்க எவ்வளவு செலவாகும்? ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் வழி திறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி யார்?

மூளையில் நீர் சேர்ந்திருக்கு, ஷண்ட் வைக்கணும் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோருக்கு வரும் முதல் கேள்வி, குழந்தை பிழைக்குமா என்பதுதான். அடுத்த கேள்வி, எவ்வளவு செலவாகும்?

படப்பையில் இருக்கும் ஒரு சாதாரண குடும்பத்துக்கு இன்று இதற்கு ஒரு வழி இருக்கு. பஸ் ஏறி தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன். இறங்கி நடந்தால் சென்னை அரசுப் பொது மருத்துவமனை, அதாவது எல்லாரும் சொல்ற ஜி.ஹெச். அங்கே மூளை அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கு. 1950-க்கு முன்னாடி அது கிடையாது. அதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் பி.ராமமூர்த்தி.

ஷண்ட் என்றால் என்ன?

மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஒரு திரவம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டர் சுரந்து, பிறகு ரத்தத்தில் கலந்துவிடும். அது போகும் பாதை அடைபட்டால் நீர் தேங்கி மூளையை அழுத்தும். கைக்குழந்தைக்குத் தலை பெரிதாகிக்கொண்டே போகும். ஷண்ட் என்பது வால்வு பொருத்திய ஒரு மெல்லிய குழாய். தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே இறங்கி, தேங்கிய நீரை வயிற்றுக்குள் கொண்டுபோய் விடும்.

பிறவிக் குறை, கட்டி, ரத்தக் கசிவு எனக் காரணங்கள் பல. நம்ம ஊரில் இன்னொரு முக்கியக் காரணம், மூளையைத் தாக்கும் காசநோய். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனை 1928-ல் தொடங்கப்பட்டது. அந்த அளவுக்கு இந்தப் பகுதிக்குப் பழகிய நோய் அது. நுரையீரலோடு நிற்காமல் சிலருக்கு மூளை உறையையும் அது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஏழைகளுக்கு.

சீர்காழி பையன் டு ஜி.ஹெச்.

ராமமூர்த்தி 1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிரிட்டன் போய் எப்.ஆர்.சி.எஸ். முடித்தார். நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சி எடுத்தார்.

1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார். அது மிஷன் மருத்துவமனை. அடுத்த வருஷமே ராமமூர்த்தி அரசுப் பணியில் சென்னை ஜி.ஹெச்.சில் துறையைத் தொடங்கினார். கையில் காசு இல்லாதவரும் தலைக்கு ஆபரேஷன் செய்துகொள்ள முடியும் என்ற நிலை இங்கே வந்தது அப்போதுதான்.

ஸ்கேன் இல்லாத காலம் அது. அவர் மேஜைக்கு வந்த கட்டிகளில் கணிசமானவை புற்றுநோய் அல்ல, காசநோய்க் கட்டிகள். அவற்றைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுகள் வெளிநாட்டிலும் கவனம் பெற்றன. 1951-ல் சாண்டி உள்ளிட்ட மூவருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார். டெல்லி எய்ம்ஸின் டாக்டர் பி.என்.டாண்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த பாடநூல், பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டி.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகும் அவர் அதே பாதையில்தான் போனார். நோயாளியின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கும் கொள்கையோடு தொடங்கப்பட்ட சென்னை வி.ஹெச்.எஸ். மருத்துவமனையில், நரம்பியல் அறுவை சிகிச்சை மையத்தை உருவாக்கினார். 2003 டிசம்பரில் மறைந்தார்.

அவர் குழுவில் வளர்ந்தவர்தான் இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டி.எஸ்.கனகா. தாம்பரம் பக்கத்து குரோம்பேட்டையில், தன் பெற்றோர் பெயரில் ஏழைகளுக்கு இலவச மருத்துவ மையம் நடத்தியவர்.

செலவு ஏன் ஒரு தடவையோடு முடியாது?

ஷண்ட் வைத்தாச்சு, இனி கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. குழாய் அடைத்துக்கொள்ளும், கிருமி தொற்றும், குழந்தை வளர வளர இடம் மாறும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் சுமார் பாதி, 2 வருஷத்துக்குள் பழுதாகிவிடுகின்றன. அப்போ மறுபடி ஆபரேஷன், மறுபடி பில். முதல் தடவை நகையை அடகு வைத்துச் சமாளித்த குடும்பம், இரண்டாவது தடவை என்ன செய்யும்? தயங்கி நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

கருவியின் விலை ஒரு காலத்தில் பெரிய சுமை. இந்தியாவிலேயே தயாரான சாப்ரா ஷண்ட் அதைக் குறைத்தது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. 35 டாலர் இந்திய ஷண்ட்டையும் 650 டாலர் வெளிநாட்டு ஷண்ட்டையும் ஒப்பிட்டதில், ஒரு வருஷம் கழித்துப் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் கருவி மலிவானால் மட்டும் போதாது. ஆபரேஷன் தியேட்டர், ஸ்கேன், ஐ.சி.யூ., பயிற்சி பெற்ற டாக்டர் எல்லாம் வேணும். அதுவும் எத்தனை தடவை திரும்பி வந்தாலும் காசு கேட்காத இடத்தில் வேணும். ராமமூர்த்தி 1950-ல் போட்ட அடித்தளத்தின் மதிப்பு இங்கேதான் புரியும்.

இன்று நீங்கள் என்ன செய்யலாம்?

அரசு மருத்துவமனை தவிர, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். எந்த மருத்துவமனையில் ஷண்ட் ஆபரேஷனுக்குப் பொருந்தும் என்பதை, அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

ஷண்ட் வைத்த குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் என எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். செலவை யோசித்து வீட்டிலேயே நிற்காமல், உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள்.