மயிலாப்பூரின் கறுப்பு வெள்ளை மனுஷர்

மழை விட்டதும் இலையில் நிக்கிற துளியை மேக்ரோ லென்ஸில் எடுத்து, எடிட்டிங்கில் கலர் ஏத்தறோம். கலர் பக்கமே போகாத ஒருத்தர் மயிலாப்பூரில் இருந்தார்: மா. கிருஷ்ணன்.

1912-ல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன். இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் வீடு. காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தார். வேற வேற கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு கேமரா அசெம்பிள் செஞ்சு, 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வெச்சார். 1950 முதல், 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நல்ல கேமரா இல்லையேன்னு நானும் புலம்பியிருக்கேன். இவரைப் படிச்ச பிறகு அந்தச் சாக்கு செல்லல. அவருடைய 'மழைக்காலமும் குயிலோசையும்' தமிழிலேயே இருக்கு. படிச்சுட்டு, அடுத்த துளியைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு க்ளிக் பண்ணுங்க.