அல்லாமா இக்பாலின் ஐரோப்பிய மாணவ நாள்கள்

அல்லாமா முஹம்மது இக்பாலின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவருடைய பாரசீகக் காவியங்களையும் அரசியல் உரைகளையுமே பெரிதும் முன்னிறுத்துவர். 1905 முதல் 1908 வரை அவர் மேலைநாட்டில் மாணவராகக் கழித்த மூன்றாண்டுகள் பட்டங்களின் பட்டியலாகச் சுருங்கிவிடும். கேம்பிரிட்ஜில் பி.ஏ., மியூனிக்கில் முனைவர், இலண்டனில் பாரிஸ்டர் என்று மூன்றே சொற்றொடர்களில் அக்காலத்தைக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும், கவிதை எழுதுவதையே கைவிட அவர் முடிவு செய்தது அந்த ஆண்டுகளில்தான். அம்முடிவினின்று மீண்டதும், பாரசீக மொழிக்குத் திரும்பியதும், மேலைநாட்டு நாகரிகத்தைப் பற்றிய தம் தீர்ப்பை உருவாக்கிக்கொண்டதும் அதே ஆண்டுகளில்தான். எனவே அந்த மாணவ நாள்களைச் சற்று நின்று நோக்குவது தகும்.

1877 நவம்பர் 9ஆம் நாள் பஞ்சாபின் சியால்கோட்டில் பிறந்தவர் இக்பால். தந்தையார் ஷைகு நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். பள்ளிக் கல்வி பெறாதவராயினும் மெய்ஞ்ஞானச் சிந்தனையில் தோய்ந்தவர். நாள்தோறும் விடியற்காலையில் குர்ஆன் ஓதும் பழக்கத்தை மகனிடம் அவர் ஊன்றினார். அவ்வேதம் தனக்கே அருளப்பட்டதாக எண்ணி ஓத வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அரபியும் பாரசீகமும் மௌலவி மீர் ஹஸனிடம் கற்ற இக்பால், லாகூர் அரசுக் கல்லூரியில் தாமஸ் ஆர்னால்டிடம் தத்துவம் பயின்று 1899இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இஸ்லாம் பரவிய வரலாற்றை 1896இல் நூலாக வெளியிட்ட அதே ஆர்னால்டுதான் இவர். 1904இல் ஆர்னால்டு இங்கிலாந்து திரும்பியபோது, ஆசிரியரைப் பிரிந்த துயரைப் பாடலாக வடித்தார் மாணவர். அவரைப் பின்தொடர்ந்து கடல் கடக்கும் ஆவலும் அப்போதே முளைவிட்டது எனலாம்.

ஆவல் மட்டும் போதுமா? குடும்பத்தில் பொருள்வளம் இல்லை. இராணுவப் பொறியியல் பிரிவில் பணிபுரிந்த அண்ணன் ஷைகு அதா முஹம்மதுதான் பயணத்துக்கும் படிப்புக்கும் பெருந்துணையாக நின்றார். தம்பி பெற்ற மூன்று பட்டங்களுக்கும் பின்னால் அந்த அண்ணனின் ஊதியம் இருந்தது என்பதை வரலாறு எழுதுவோர் இன்னும் சற்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். மனைவியையும் இரு குழந்தைகளையும் ஊரில் விட்டு, 1905 செப்டம்பரில் இக்பால் புறப்பட்டார். வழியில் தில்லியில் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் அடக்கத்தலத்தில் நின்று, பயணம் சிறக்க வேண்டிக் கவிதை பாடி, பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 27. முந்தைய ஆண்டில் அவர் எழுதிய இந்திய நாட்டுப் பாடல் அதற்குள் பலருக்கும் அறிமுகமாகியிருந்தது. முஷாயிராக்களில் பாராட்டுப் பெற்ற கவிஞராகவே அவர் கப்பலேறினார் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வு மாணவராக அவர் சேர்ந்தபோது இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. நகரின் போர்ச்சுகல் பிளேஸ் தெருவில் 17ஆம் எண் வீட்டில் அவர் தங்கியிருந்ததை அங்குப் பதிக்கப்பட்ட நினைவுக் கல் தெரிவிக்கிறது. அவர் சேர்ந்து ஒரு மாத அளவில், அக்டோபர் இறுதியில், ஹிஜ்ரி 1323ஆம் ஆண்டின் ரமலான் பிறந்தது. பகல் நாளுக்கு நாள் குறுகிவரும் பருவம் அது. டிசம்பரில் அவ்வூரில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். லுஹருக்கும் மஃரிபுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரமே உண்டு. அதற்குள் அஸரும் வந்துபோகும். காலையிலோ எட்டு மணியளவில்தான் கதிரவன் எழுவான். கோடையில் நிலைமை தலைகீழாகிவிடும். அக்காலக் கடிகாரப்படி விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும். தொழுகை நேரங்கள் பெரிதும் மாறாத நம் ஊரில் வாழ்வோர்க்கு, நாளின் நீளமே கைவிட்டுப் போகும் இந்த அனுபவம் எளிதில் விளங்காது. இலண்டன் குளிர்காற்றின் கூர்மையிலும் விடியலில் எழும் ஒழுங்கு தம்மை விட்டு அகலவில்லை என்னும் செய்தியைப் பிற்காலத்தில் ‘பாலே ஜிப்ரீல்’ தொகுப்பின் கஜல் ஒன்றில் இக்பால் பதிவு செய்துள்ளார். தந்தையார் இட்ட வித்து அது.

படிப்பின் சுமை சிறிதன்று. கேம்பிரிட்ஜில் மக்டகார்ட், ஜேம்ஸ் வார்டு ஆகிய தத்துவ ஆசிரியர்களிடம் பயின்றார். பாரசீக இலக்கியத்தில் துறைபோகிய ஈ.ஜி. பிரவுன், ஆர்.ஏ. நிக்கல்சன் ஆகியோரின் பழக்கமும் கிட்டியது. 1905 நவம்பரில் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயிலவும் பதிவு செய்துகொண்டார். அங்கே மாணவர்கள் விரிவுரை கேட்பதோடு அமையாது, பருவந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இன்னின் கூடத்தில் விருந்துண்டாக வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதனால் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் இரயிலேறி இலண்டன் சென்று உணவருந்தித் திரும்புவதும் சட்டப் படிப்பின் ஒரு பகுதியாயிற்று!

மக்டகார்ட் பற்றி ஈண்டுச் சிறிது கூறவேண்டும். ஹெகலின் வழிநின்ற அத்தத்துவ அறிஞர் ஆன்மாவின் அழியாமையை நம்பியவர். ஆனால் இறைவன் உண்டு என்பதை ஏற்காதவர். அவரோடு அமர்ந்து தத்துவம் உரையாடும் வாய்ப்பு இக்பாலுக்கு அடிக்கடி கிட்டியது. பல்லாண்டு கழித்து, 1920இல், இக்பாலின் ‘அஸ்ராரே குதீ’ காவியத்தை நிக்கல்சன் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அதைப் படித்த மக்டகார்ட் தம் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் உரையாடிய நாள்களில் இக்பால் அனைத்தையும் இறையெனக் காணும் ஞானநெறியில் பெரிதும் ஈடுபட்டிருந்தார் என்றும், இப்போது அவருடைய நிலைப்பாடு மாறியிருப்பதாகத் தோன்றுகிறது என்றும் அதில் குறிப்பிட்டார். ஒருவருடைய சிந்தனை திசை மாறியதற்கு அவருடைய ஆசிரியரே சாட்சியாக அமைவது அரிது. ‘தான்’ என்பது பெருங்கடலில் கரைய வேண்டிய துளியன்று, வலுப்பெற வேண்டிய ஆளுமை என்பது இக்பாலின் பிற்காலத் தத்துவத்தின் மையம். அத்தெளிவை அவர் முழுமையாக வெளியிட்டது 1915இல்தான். எனினும் அதற்கான போராட்டம் இம்மாணவ நாள்களில் தொடங்கியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

இப்போராட்டத்தின் ஒரு முகம் கவிதையைக் கைவிடும் எண்ணம். அப்போது இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தவர் ஷைகு அப்துல் காதிர். லாகூரின் ‘மக்ஸன்’ இதழை நடத்தி, 1901இல் இமயமலை பற்றிய இக்பாலின் கவிதையை அதில் வெளியிட்டவர் அவரே. கவிதை எழுதுவதை விட்டுவிடுவதாகவும், அதில் செலவாகும் நேரத்தை வேறு பயனுள்ள பணியில் செலுத்தப்போவதாகவும் இக்பால் ஒருநாள் அவரிடம் தெரிவித்தார். மேலைநாட்டாரின் ஓயாத உழைப்பைக் கண்ணாரக் கண்ட ஓர் இளைஞருக்கு, சொல்லை அடுக்கிக் கைத்தட்டல் பெறுவது வீண் என்று தோன்றியதில் வியப்பில்லை. இக்பாலின் கவிதை நலிந்த சமுதாயத்துக்கு மருந்தாகக்கூடிய ஆற்றல் வாய்ந்தது என்றும், அதைக் கைவிடல் தகாது என்றும் அப்துல் காதிர் மறுத்துரைத்தார். இருவரும் உடன்படாமையால், வழக்கு ஆர்னால்டின் முன் சென்றது. அவர் கூறுவதே முடிவு என்று ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயராகிய அந்த ஆசிரியர், உருதுக் கவிஞரான தம் மாணவர் கவிதையை விடலாகாது என்று தீர்ப்பளித்தார். நல்லாசிரியர் ஒருவரின் ஒரு சொல் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன்.

மற்றொரு நிகழ்ச்சியையும் அப்துல் காதிரே எழுதிவைத்துள்ளார். நண்பர் ஒருவர் இல்லத்து விருந்தில், பாரசீகத்தில் கவிதை எழுதுவதுண்டா என்று இக்பாலிடம் வினவப்பட்டது. ஓரிரு அடிகளுக்கு மேல் எழுதியதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்கேள்வி உள்ளத்தில் தைத்துவிட்டது. இரவு அறைக்குத் திரும்பிப் படுக்கையில் கிடந்தபடியே பாரசீகத்தில் இரு கஜல்களை இயற்றினார். மறுநாள் காலை அவற்றை நண்பருக்குப் பாடிக் காட்டினார். ஆய்வேட்டுக்காகப் பாரசீகத் தத்துவ நூல்களில் மூழ்கியிருந்ததும் இதற்குத் துணைசெய்தது. பிற்காலத்தில் இக்பாலின் நூல்களுள் பெரும்பகுதி அம்மொழியில் அமைந்ததற்கு அவ்விரவே தொடக்கம்.

இனி 1907ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்துக்கு வருவோம். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளின் கணக்கில் அது பின்பனிக்காலம், மாசியும் பங்குனியும். இங்கே பனி விலகினால் வெயில் தொடங்கிவிட்டது என்று பொருள். கேம்பிரிட்ஜிலோ அது நிலம் உயிர்த்தெழும் காலம். கேம் ஆற்றங்கரையில் கல்லூரிகளின் பின்புறப் புல்வெளிகளில் முதலில் குரோக்கஸ் மலர்களும், அடுத்து மஞ்சள் நிற டாஃபடில் மலர்களும் தரையினின்று எழும். மாதங்களாக மொட்டையாக நின்ற மரங்கள் தளிர்க்கும். உருது, பாரசீகக் கவிதை மரபில் வந்த ஒருவர் வசந்தத்தைக் கண்டால் ரோஜாவையும் புல்புலையும் பாடுவதே வழக்கம். இக்பால் அவ்வாறு செய்யவில்லை. அந்த மாதத்தையே தலைப்பாகக் கொண்டு, ‘மார்ச் 1907’ என்னும் கஜலை எழுதினார். உலகைச் சந்தையாகக் கருதும் மேலை நாகரிகம் நிலைக்காது, தன்னாலேயே அது தனக்குக் கேடு தேடிக்கொள்ளும் என்னும் எச்சரிக்கையும், இஸ்லாமியச் சமுதாயம் மீண்டும் விழித்தெழும் என்னும் நம்பிக்கையும் அதில் ஒலித்தன. சுற்றிலும் செல்வமும் வலிமையும் செழித்திருந்த வேளையில் இதை எழுதியவர் 29 வயது மாணவர். ஏழாண்டு கழித்து, 1914இல், ஐரோப்பா உலகப் போரில் குதித்தது.

இதைக் கொண்டு, மேலைநாட்டின் மீது வெறுப்புற்றுத் திரும்பினார் இக்பால் என்று சிலர் முடிவு கட்டுவர். அது பொருந்தாது. அக்கஜல் எழுதிய அடுத்த மாதமே இலண்டனில் பம்பாயைச் சேர்ந்த அத்தியா ஃபைஸீ என்னும் கல்வியாளரைச் சந்தித்தார். அவர் பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலில் வரும் இக்பால், கலகலப்பும் கூர்மையும் மிக்க மாணவராகவே காட்சி தருகிறார். ஜூன் மாதம் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. கோடையில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குச் சென்று, எம்மா வேகநாஸ்ட் என்னும் ஆசிரியையிடம் ஜெர்மன் மொழி கற்றார்; கதேயின் கவிதையில் தோய்ந்தார். நெக்கர் ஆற்றங்கரையின் மாலை அமைதியைப் பற்றி அவர் எழுதிய சிறு கவிதையில் சினமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அசையாத மரங்களும் நிலவும் உறங்கும் உள்ளமுமே உள்ளன. தம் ஜெர்மன் ஆசிரியைக்குப் பல்லாண்டுகள் மதிப்போடு கடிதங்கள் எழுதிவந்தார். ஒரு நாகரிகத்தின் குறையைக் கண்டவர் அந்நாட்டு மக்களின் அன்பையும் அறிவையும் மறுக்கவில்லை என்பதே உண்மை. கதேயின் கீழை மேலைத் திவானுக்கு மறுமொழியாக 1923இல் ‘பயாமே மஷ்ரிக்’ என்னும் நூலை அவர் படைத்ததும் இதனாலேயே. நெக்கர் கரையின் ஒரு பகுதிக்கு இன்று இக்பாலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மியூனிக் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஹோம்மெலின் பொறுப்பில், பாரசீகத்தில் மெய்ப்பொருளியலின் வளர்ச்சி பற்றிய ஆய்வேட்டுக்கு 1907 நவம்பர் 4ஆம் நாள் முனைவர் பட்டம் பெற்றார். 1908இல் இலண்டனில் அச்சேறிய அந்நூலை ஆர்னால்டுக்கே காணிக்கையாக்கினார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு விடுப்பில் இருந்தபோது சில மாதங்கள் அவருக்குப் பதிலாக அரபி கற்பித்தார். 1908 ஜூலை 1ஆம் நாள் பாரிஸ்டராகி, அம்மாத இறுதியில் லாகூர் வந்து சேர்ந்தார். திரும்பும் வழியில், ஒரு காலத்தில் அரபியர் ஆண்ட சிசிலித் தீவைக் கப்பலினின்று கண்டு கண்ணீர்க் கவிதை ஒன்றை எழுதினார். வெளிநாட்டில் எழுதியவை எண்ணிக்கையில் குறைவு. 1924இல் வெளிவந்த ‘பாங்கே தரா’ தொகுப்பில் 1905 முதல் 1908 வரையிலான பகுதியே மற்ற இரு பகுதிகளினும் மெலிந்தது. அப்பகுதிக்கு முன்னுள்ள கவிதைகளையும் பின்னுள்ளவற்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர், ஒரே கவிஞர்தாம் எழுதினாரா என்று ஐயுறுவர்.

கேம்பிரிட்ஜில் கற்ற தத்துவத்தின் விளைவைத் தமிழகமும் கேட்டது. சென்னைப் பெருவணிகர் ஜமால் முஹம்மது சாகிப் அவர்களின் முயற்சியால் அழைக்கப்பெற்று, 1929 ஜனவரியில் இக்பால் சென்னை வந்து, இஸ்லாமியச் சமயச் சிந்தனை பற்றி மூன்று உரைகள் ஆற்றினார். பின்னர் மைசூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்றார். மொத்தம் ஆறு உரைகள் 1930இல் நூலாயின. ஏழாவது உரையும் சேர்க்கப்பெற்று 1934இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக அது மறுபதிப்பாயிற்று. நாட்டுப் பாடலால் அறியப்பட்ட கவிஞரைக் காண வந்தவர்கள், மேலைத் தத்துவ அறிஞரையும் இஸ்லாமிய மெய்ஞ்ஞானியரையும் ஒரே அவையில் வைத்து வாதிடும் அறிஞரைக் கண்டனர். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோது கேம்பிரிட்ஜில் அவருக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. 1934இல் தொண்டை நோயால் அவருடைய குரல் மங்கியது. 1938 ஏப்ரல் 21ஆம் நாள் விடியற்காலையில் லாகூரில் அவர் உயிர் பிரிந்தது. பாத்ஷாஹி பள்ளிவாசலின் வாயிலருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.