புட்டிக்குள் கனியும் ஒயினின் புதிரை அவிழ்த்த லூயி பாஸ்டர்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, குமுளி, கம்பம்மெட்டு மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்துக்கு ஏறிச் செல்கிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சையை, 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்தில் அறிமுகப்படுத்தினார் என்று கூறப்படுகிறது. கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்களில் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் பல கிறிஸ்தவ இல்லங்களில், பரணி எனப்படும் பீங்கான் சாடிகளில் கருந்திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் இட்டு வாய்கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. சுமார் மூன்று வாரங்கள் கழித்துத் திறக்கும்போது ஒரு சாடியில் மணமுள்ள ஒயின் இருக்கும். அதே கைகள் இட்ட மற்றொரு சாடியில் புளித்த காடி இருக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு முதன்முதலில் அறிவியல் வழியில் விடை கண்டவர் பிரான்ஸ் நாட்டின் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி கண்டவராகவே உலகம் அவரை அறியும். அவர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளே உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் மனித நோய்களை நோக்கிய அவரது பயணம், ஒயின் பீப்பாய்களின் ஊடாகவே சென்றது.

தோல் பதனிடுபவரின் மகன்

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று, கிழக்குப் பிரான்சின் ஜூரா பகுதியில் உள்ள டோல் நகரில் பாஸ்டர் பிறந்தார். தந்தை ழான் ஜோசஃப், நெப்போலியனின் படையில் பணியாற்றித் திரும்பித் தோல் பதனிடும் தொழில் செய்தவர். லூயி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றங்கரையில் தோல் பட்டறையும், ஊரைச் சுற்றிய சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களுமாக அவரது இளமை கழிந்தது.

ஆர்புவாவின் திராட்சை வகைகளுள் ஒன்றான பூல்சார் மெல்லிய தோலுடையது. அதிலிருந்து கிடைக்கும் சிவப்பு ஒயின், நிறம் குறைந்து, கண்ணாடிக் கிண்ணத்தின் மறுபுறம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். இத்தகைய மெல்லிய ஒயினைச் சில ஆண்டுகள் நிலவறையில் வைத்தால் மேலும் மெருகேறுவதும் உண்டு. முற்றிலும் கெட்டுப்போவதும் உண்டு. அவ்வூர் விவசாயிகளுக்கு அது ஓராண்டு உழைப்பின் ஊதியம் பற்றிய கேள்வி.

பீப்பாயின் அடியில் கிடைத்த படிகம்

பாரிஸின் எக்கோல் நார்மால் கல்லூரியில் பயின்று 1847-இல் முனைவர் பட்டம் பெற்ற பாஸ்டரின் முதற்பெரும் கண்டுபிடிப்பும் ஒயினோடு தொடர்புடையதே. ஒயின் பீப்பாய்களின் உட்புறத்தில் படிகமாகப் படிவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் சமையலறைப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் அதே அமிலம்தான். 1848-இல், தமது 25-ஆம் வயதில், இவ்வமிலத்தின் ஒரு வகை உப்பின் படிகங்கள் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருப்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டு, இரு வகைகளையும் கையாலேயே பிரித்தெடுத்தார்.

1854-இல் லீல் நகர அறிவியல் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பிறகு, அங்கிருந்த சாராய ஆலை ஒன்றின் பீட்ரூட் சாறு கெடுவதற்கான காரணத்தைக் கண்டறியும் வேண்டுகோள் அவரிடம் வந்தது. நொதித்தல் என்பது உயிரற்ற வேதிச் சிதைவே என அக்காலத்தின் முன்னணி வேதியியலாளர் பலர் நம்பினர். அது ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களின் வாழ்க்கைச் செயல் என்று பாஸ்டர் நிறுவினார்.

பேரரசர் விடுத்த பணி

1860-இல் பிரான்சும் இங்கிலாந்தும் செய்துகொண்ட வணிக உடன்பாட்டினால் பிரெஞ்சு ஒயினுக்குப் புதிய சந்தை திறந்தது. ஆனால் வழியிலும் நிலவறையிலும் ஒயின் கெட்டுப்போவது பெரும் இடராக இருந்தது. 1863-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், ஒயினின் நோய்களை ஆராயுமாறு பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் தாம் வளர்ந்த ஆர்புவாவே.

1864-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஊரின் முகப்பில் இருந்த பழைய காப்பிக்கடை ஒன்று ஆய்வகமாயிற்று. உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்த எளிய கருவிகளைக் கொண்டு, பாஸ்டரும் அவருடைய மாணவர்களும் பணியைத் தொடங்கினர். விவசாயிகள் கொண்டுவந்த ஒயினின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நாவில் படாமலேயே அதன் கோளாறு இன்னதென்று அவரால் கூற முடிந்தது. புளிப்பு நோய், கசப்பு நோய், நூல்போல இழுபடும் கொழகொழப்பு நோய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுண்ணுயிர் காரணம் என்பதை அவர் படம் வரைந்து காட்டினார்.

காற்று செய்யும் வேலை

கெடுவதற்குக் காரணம் நுண்ணுயிர் என்றால், கனிவதற்குக் காரணம் எது? இந்த இரண்டாவது கேள்வியே அவரது ஒயின் ஆய்வின் தனிச்சிறப்பு. காற்று ஒயினின் பகை என்று பலரும் கருதிய காலம் அது. பாஸ்டர் சிவப்பு ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வாயை உருக்கி மூடினார். சில குழாய்கள் காற்றுக்கு இடமின்றி நிரப்பப்பட்டன. சிலவற்றில் பாதி ஒயினும் பாதி காற்றுமாக இருந்தன.

முழுதும் நிரம்பிய குழாய்களில் ஒயின் ஏறக்குறைய புதியதாகவே இருந்தது. காற்று இருந்தவற்றிலோ நிறப்பொருள் அடியில் படிந்து, சிவப்பு மங்கி வெங்காயத்தோலின் நிறம் தோன்றியது. இளம் ஒயினின் முரட்டுச் சுவை மறைந்து, முதிர்ந்த ஒயினின் தன்மை வந்தது. மரப்பீப்பாயின் பலகைகள் வழியாகவும், ஒரு பீப்பாயிலிருந்து மற்றொன்றுக்கு வடித்து மாற்றும்போதும் மெல்ல நுழையும் ஆக்சிஜனே ஒயினைக் கனியச் செய்கிறது என்று அவர் முடிவு செய்தார். சிறுகச் சிறுக வரும் காற்று ஒயினை வளர்க்கிறது. பெருகி வரும் காற்றோ காடியாக்கும் நுண்ணுயிருக்கு வாழ்வளிக்கிறது.

பிற்கால ஆய்வுகள் இச்சித்திரத்தை விரிவாக்கின. திராட்சைத் தோலின் நிறப்பொருளான ஆந்தோசயனினும், துவர்ப்பைத் தரும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாக மாறுகின்றன. இதனால் ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகிறது, துவர்ப்பு தணிகிறது, பழத்தின் மணம் குறைந்து உலர்பழம், ஈரமண், சருகு ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன. தக்கையிட்ட புட்டிக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்போதும் இம்மாற்றங்களுள் பல தொடர்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. ஆக்சிஜனுக்கு பாஸ்டர் அளித்த இடம் சற்றே மிகையானது. ஆயினும் ஒயின் கனிவதை அளந்து ஆராயத்தக்க நிகழ்வாக்கியவர் அவரே.

மெல்லிய சிவப்பு ஒயின்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தடித்த தோலுடைய திராட்சையின் ஒயினில் டானின் மிகுதி என்பதால் அது ஆக்சிஜனை நீண்டகாலம் தாங்கும். பூல்சார், பினோ நுவார் போன்ற மென்தோல் வகைகளுக்கு அக்கவசம் குறைவு. அவற்றைக் காப்பது பெரும்பாலும் அவற்றின் அமிலத்தன்மையே. ஆகவே அவற்றுள் பெரும்பான்மை இளமையிலேயே அருந்தத் தக்கவை. நல்ல விளைச்சலில் பிறந்த சில மட்டும், இருண்ட, அதிர்வற்ற, சுமார் 12 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நிலவறையில், தக்கை உலராதபடி படுக்கவைக்கப்பட்ட புட்டிகளில் ஆண்டுக்கணக்கில் மெருகேறுகின்றன. பினோ திராட்சையில் விளைந்த பர்கண்டிப் பகுதியின் உயர்ந்த ஒயின்களை முதிரும் பருவத்தில் தாக்கிய கசப்பு நோய், பாஸ்டர் காலத்து நிலவறைகளின் பெருந்துயரமாக இருந்தது.

வெப்பம் என்னும் மருந்து

நோயைத் தடுக்கப் பாஸ்டர் கண்ட வழி எளிது. காற்றுப்படாமல் மூடிய ஒயினைச் சிறிது நேரம் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால், கேடு செய்யும் நுண்ணுயிர்கள் செயலிழந்துவிடும். 1865 ஏப்ரலில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்ற அவர், அதைத் தமது வருவாய்க்குப் பயன்படுத்தாமல் பொதுவுடைமையாக்கினார்.

சூடேற்றிய ஒயின் சுவை கெடும் என்ற ஐயம் எழுந்தது. வணிகர்களும் வல்லுநர்களும் அடங்கிய குழு சுவைத்துப் பார்த்தபோது, வேறுபாடு மிகச் சிறியதாகவே தோன்றியது. பின்னர் ஒரே ஒயினை இரு கிண்ணங்களில் பாஸ்டர் வழங்கியபோதும் சிலர் வேறுபாடு கண்டனர். கற்பனையும் சுவையில் பங்கு பெறும் என்பது அங்கே வெளிப்பட்டது. கடற்படையின் ழான் பார் என்னும் கப்பலில் சூடேற்றியதும் ஏற்றாததுமாக ஒயின் அனுப்பப்பட்டு, சுமார் பத்து மாதங்களுக்குப் பின் சோதிக்கப்பட்டது. சூடேற்றியது தெளிவாகவும் இனிதாகவும் இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கியிருந்தது. 1866-இல் ஒயின் பற்றிய அவரது ஆய்வுநூல் வெளிவந்தது.

இன்று உயர்ந்த ஒயின்கள் பெரும்பாலும் சூடேற்றப்படுவதில்லை. ஆனால் பின்வந்தோர் அம்முறையைப் பாலுக்குக் கொண்டுசென்றனர். பால் பாக்கெட்டுகளில் அச்சிடப்படும் பாஸ்டுரைசேஷன் என்ற சொல் அவரது பெயரிலிருந்து பிறந்ததே.

துயரம் சூழ்ந்த ஆண்டுகள்

இவ்வெற்றிகளின் ஆண்டுகளே அவரது இல்லத்தின் இருண்ட ஆண்டுகள். மூத்த மகள் ழான் 1859-இல் டைபாய்டு காய்ச்சலால் ஆர்புவாவில் உயிரிழந்திருந்தார். 1865-இல் தந்தையும், அதே ஆண்டில் இரண்டு வயது மகள் கமீயும் மறைந்தனர். 1866-இல் மகள் செசீல் டைபாய்டுக்குப் பலியானார். ஒயினைத் தாக்கும் நுண்ணுயிரைக் கண்டுகொண்ட அவரால், தம் பிள்ளைகளின் உயிர் பறித்த நோயைத் தடுக்க இயலவில்லை. 1868 அக்டோபரில் மூளை இரத்தக்கசிவு ஏற்பட்டு அவரது உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 45.

ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. 1874-இல் ஆர்புவா அருகே சிறு திராட்சைத் தோட்டம் ஒன்றை அவர் வாங்கினார். நொதித்தலுக்கு உயிருள்ள ஈஸ்ட் தேவையில்லை என்று கருதிய கிளாட் பெர்னாரின் குறிப்புகள், அவரது மறைவுக்குப் பின் 1878-இல் வெளியாயின. உடனே பாஸ்டர் அத்தோட்டக் கொடிகள் சிலவற்றின் மேல் கண்ணாடிக் குடில்கள் அமைத்து, பழுக்காத குலைகளைப் பஞ்சால் போர்த்தினார். திறந்த வெளியில் பழுத்த திராட்சை நொதித்தது. காக்கப்பட்ட திராட்சை நொதிக்கவே இல்லை. ஒயினை உருவாக்கும் உயிர் பழத்துக்குள் பிறப்பதில்லை, வெளியிலிருந்தே வருகிறது என்பது உறுதியாயிற்று.

குன்னூர் வரை நீண்ட பாதை

ஒவ்வொரு ஒயின் நோய்க்கும் ஒரு தனி நுண்ணுயிர் உண்டென்றால் மனித நோய்களுக்கும் அவ்வாறே இருக்கலாம் என்ற எண்ணம், அவரைக் கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ் ஆய்வுகளுக்கு இட்டுச் சென்றது. காற்றில் நெடுநாள் விடப்பட்ட கிருமி வீரியம் குறைந்து தடுப்பு மருந்தாவதை அவர் கண்டார். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசஃப் மைஸ்டருக்குத் தடுப்பூசி செலுத்தத் தொடங்கப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 1888-இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று, 72-ஆம் வயதில் பாஸ்டர் காலமானார்.

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்கு வடக்கே எழும் நீலகிரி மலையில், குன்னூரில், 1907-இல் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் செயல்படத் தொடங்கியது. இன்று இந்திய பாஸ்டர் நிறுவனம் என்று வழங்கும் இந்நிறுவனம், வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் பணியில் தலைமுறைகளாக ஈடுபட்டு வந்துள்ளது.

ஆர்புவாவில் பாஸ்டர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அவர் ஆய்வு நடத்திய திராட்சைத் தோட்டமும் காக்கப்பட்டு வருகிறது. இலையுதிர்காலத்தில் அங்கு பறிக்கப்படும் திராட்சையும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் திராட்சையும் நொதிக்கும் முறை ஒன்றே. கனிவுக்கும் கேட்டுக்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டென்று அவர் பிரித்துக் காட்டியதன் பயனை, ஒயினைத் தொட்டறியாத கோடிக்கணக்கானோரும் பால் பாக்கெட்டிலும் தடுப்பூசியிலும் பெற்று வருகின்றனர்.