ஒரு கட்டுரையின் பன்னிரண்டு ஆண்டுகள்

ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருமையை, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையாலும் அவற்றைப் பிறர் எடுத்தாண்ட தடவைகளாலும் அளந்துரைக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அவ்வளவுகோலை 1935ஆம் ஆண்டில் வேர்ணர் போர்ஸ்மன் என்னும் ஜேர்மானிய வைத்தியரிடம் கொண்டு சென்றிருப்பின், அவர் தேறியிருக்கமாட்டார்.

போர்ஸ்மன் 1904 ஓகஸ்ற் 29இல் பேர்லினிற் பிறந்தவர். தந்தை முதலாம் உலகப் போரில் மாண்டார். மாணவப் பருவத்தில் உடற்றொழிலியல் நூலொன்றிற் கண்ட படம் அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. பிரான்சு தேசத்து அறிஞர் குதிரையின் கழுத்து நாளம் வழியே குழாயொன்றைச் செலுத்தி, இருதயத்தினுள் நிலவும் அமுக்கத்தை அளப்பதை அது காட்டிற்று. குதிரைக்கு இயல்வது மனிதருக்கு இயலாதோ என அவர் எண்ணினார். துடிப்படங்கும் இருதயத்துக்கு மருந்தூட்ட, நெஞ்சைத் துளைத்து ஊசியேற்றுவதே அக்காலத்து முறை. இரத்தக் கலன்கள் கிழிபடும் அபாயம் அதில் இருந்தது. முழங்கையின் நாளம் வழியே சென்றால் அவ்வபாயம் நீங்கும் என்பது அவர் கருத்து.

1929இல், பேர்லினுக்கு வடகிழக்கேயுள்ள எபர்ஸ்வால்ட வைத்தியசாலையில் அவர் இளம் வைத்தியராயிருந்தார். தலைமை வைத்தியர் இப்பரிசோதனைக்கு அனுமதி மறுத்துவிட்டார். கருவிகளுக்குப் பொறுப்பாயிருந்த தாதி கெர்டா டிற்சன் தம்மையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுக்க முன்வந்தார். போர்ஸ்மன் அவரை மேசையிற் கட்டிவிட்டு, அவர் அறியாதபடி தமது கையையே கீறி, சிறுநீர்க்குழாய்க்கெனச் செய்யப்பட்ட மெல்லிய குழாயை உட்செலுத்தினார். பின்னர் கட்டவிழ்க்கப்பட்ட தாதி உடன்வர, எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்தே சென்றார். அங்கே தாதி பிடித்த கண்ணாடியிற் பார்த்துப் பார்த்து, 65 சென்ரிமீற்றர் நீளம்வரை குழாயைத் தள்ளினார். அதன் நுனி வலச் சோணையறையில் நிற்பதைப் படம் காட்டிற்று. தாதியை ஏமாற்றியது முறையோ என்று கேட்பாருளர், கேட்கவேண்டிய கேள்விதான்.

அவ்வாண்டு நவம்பரில் 'கிளினிஷே வொக்கன்ஷ்ரிப்ட்' என்னும் சஞ்சிகையிற் சிறு கட்டுரையொன்று வெளியாயிற்று. அப்போது ஆசிரியருக்கு வயது 25. வாழ்த்துக்கு முன்னரே வழக்கு வந்தது. 1912இலேயே இது தம்மாற் செய்யப்பட்டதெனப் பேர்லின் சத்திரசிகிச்சையாளர் உங்கர் உரிமை கோரினார். அவர்களிடம் எக்ஸ்-கதிர்ப் படச் சான்று இருக்கவில்லை. ஆயினும், அவர்கள் பெயரைச் சுட்டும் பிற்குறிப்பொன்றைப் போர்ஸ்மன் வெளியிட நேர்ந்தது. பேர்லினிற் புகழ்பெற்றிருந்த பேராசிரியர் சவர்புருக்கின் கீழ்ப் பெற்ற இடமும் நிலைக்கவில்லை.

பிராக் நகரில் கிளைன் என்பார் 1930இல் இம்முறையைக் கையாண்டு, இருதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணித்தார். இத்தகையோர் மிகச் சிலரே. 1931இல் போர்ஸ்மன், எக்ஸ்-கதிரிற் புலப்படும் மருந்தை இருதயத்திற் செலுத்திப் படமெடுத்த முயற்சியைப் பற்றியும் எழுதினார். அதன்பின் இத்துறையை விட்டு, சிறுநீரகவியல் வைத்தியரானார். 1932இல் அவர் நாற்சிக் கட்சியிற் சேர்ந்தார் என்பதையும் இங்கே மறைத்தலாகாது. அறிவின் துணிவு அரசியலிற் கைகொடுக்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவ வைத்தியராகி, அமெரிக்கரிடம் சிறைப்பட்டு, 1945இல் விடுபட்டார். சிலகாலம் மரம் வெட்டியும், வைத்தியரான மனைவியுடன் கிராமத்திற் பணிபுரிந்தும் வாழ்ந்தார்.

அவர் கைவிட்ட வேலையை, நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் அந்திரே கூர்னான் மேற்கொண்டிருந்தார். அவரும் ரேஞ்சஸ் என்பாரும் 1941இல் வெளியிட்ட கட்டுரை, போர்ஸ்மனின் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை முறைப்படி சுட்டிற்று. முன்னோன் பெயரை விழுங்காத அந்த நேர்மையை நாம் பாராட்டவேண்டும். கூர்னானும் டிக்கின்சன் றிச்சர்ட்ஸும் இம்முறையால் இருதயத்தின் அமுக்கங்களையும் குருதியின் ஒட்சிசன் அளவையும் நோயாளரிடத்தே அளந்தனர். பிறவியிலேயே அமைந்த இருதயக் குறைகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அறியும் வழி அதனாற் பிறந்தது.

1956இல் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டபோது, போர்ஸ்மன் பாட் குரோய்ற்ஸ்நாக் என்னும் சிற்றூரிற் சிறுநீரகவியல் வைத்தியராயிருந்தார். 1958இல் டியூசல்டோர்ப் நகரில் சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவரானார். 1972இல் எழுதிய சுயசரிதைக்குத் தற்பரிசோதனை எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். 1979 யூன் 1ஆம் நாள் ஷொப்ஹைம் என்னும் ஊரிற் காலமானார்.